பொன்முகலிக் கரையில் – 7: குடிமல்லத்துப் பள்ளம்

சென்ற பகுதியில் திருச்சானூரில் நின்றோம். பாகாலாப் பக்கத்து மலைகளில் பிறந்து, சந்திரகிரிக் கோட்டையின் ஓரமாக வந்த ஆறு, திருச்சானூரைத் தாண்டியதும் மலைகளை விட்டு விலகிச் சமவெளிக்குள் இறங்கிவிடுகிறது. தெலுங்கில் சுவர்ணமுகி, சைவ நூல்கள் சொல்லும் பொன்முகலி. மொத்த நீளமே 130 கிலோமீட்டர்தான். காவிரியைப் பார்த்த கண்ணுக்கு இது ஆறாகவே படாது. ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணல். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகிவிட்டால் மட்டும் ஒரே இரவில் பாலத்தை முட்டிக்கொண்டு ஓடும். 2021 நவம்பரில் அப்படித்தான் ஓடியது. திருப்பதித் தெருக்களில் இடுப்பளவு தண்ணீர். ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டதும் அதன் கீழே இருந்த ஊர்களை அவசர அவசரமாகக் காலி செய்தார்கள்.

இந்த ஆற்றங்கரையில், ரேணிகுண்டாவுக்குத் தென்கிழக்கே 13 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது குடிமல்லம். ஏர்ப்பேடு மண்டலம். 2022 ஏப்ரல் 4 வரை சித்தூர் மாவட்டம், அன்றிலிருந்து திருப்பதி மாவட்டம். திருமலைக்கு வரும் கூட்டம் இந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. பாப்பாநாயுடுபேட்டை வழியாக உள்ளே போனால் வயல்கள், அப்புறம் வீடுகள், அப்புறம் கோயில். வானளாவிய கோபுரம் எதுவும் கிடையாது. தூரத்தில் பார்க்கிறவருக்குத் தொண்டை மண்டலத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கும் சிறிய சிவன் கோயில்களில் இதுவும் ஒன்று என்றுதான் தோன்றும்.

உள்ளே போனால்தான் விஷயம். அர்த்த மண்டபத்தைவிடக் கருவறை தாழ்ந்து கிடக்கிறது. பள்ளத்தில் நிற்கிறது ஐந்தடி உயர லிங்கம். கரும்பழுப்பு நிறத்தில், கெட்டியான, மெருகேற்றிய கல். நாம் பழகிய லிங்கம்போல் மழமழவென்று உருண்டையாகத் திரண்டதல்ல இது. ஆண்குறியின் வடிவத்தை எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே செதுக்கியிருக்கிறார்கள். அதன் முன்பக்கத்தில் புடைப்புச் சிற்பமாக ஓர் ஆள் நிற்கிறார்.

அந்த ஆளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வலது கையில் ஓர் ஆட்டைப் பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறார், சந்தையில் வாங்கிய கோழியைத் தூக்கிப் போகிறவரைப்போல. ஆடா மானா என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு. இடது கையில் ஒரு சிறு கலயம். இடது தோளில் சாய்ந்திருக்கிறது மழு. காதுகளில் கனத்த குண்டலங்கள், கழுத்தில் அணி, கைகளில் வளை, தலையில் சுற்றிக் கட்டிய கட்டு. இடுப்பில் மெல்லிய ஆடை. உடம்பு தெரியும் அளவுக்கு மெல்லியது. மார்பில் பூணூல் இல்லை. நான்கு கைகள் இல்லை, இரண்டே கைகள். காலடியில் காதுகள் விரிந்த ஒரு குள்ள உருவம் குனிந்து உட்கார்ந்து, தன் தோள்களில் அவரைத் தாங்குகிறது. ஆனால் அது நசுங்கித் துடிக்கும் முயலகன் அல்ல. சுமை பழகிய யட்சனின் முகம் அதற்கு.

இந்தச் சிற்பத்தைப் படிப்பாளிகளின் உலகத்துக்குக் கொண்டுவந்தவர் து.அ. கோபிநாத ராவ். திருவிதாங்கூர் தொல்லியல் துறையின் தலைவராக இருந்தவர். 1911இல் இங்கே வந்து ஆராய்ந்தார். 1914க்கும் 1916க்கும் இடையில் சென்னையில் வெளியான அவருடைய இந்து உருவ இயல் நூல் வழியாகக் குடிமல்லம் உலகத்துக்குத் தெரிந்தது. பர்குத் ஸ்தூபியின் யட்ச உருவங்களோடு ஒப்பிட்டு, இது கிறிஸ்துவுக்கு முந்தையது என்று அவர் சொன்னபோது பலருக்கு நம்பிக்கை வரவில்லை. தென்னாட்டில் கல்லில் செதுக்கிய அவ்வளவு பழைய கடவுள் உருவம் எதுவும் அதுவரை தெரிந்திருக்கவில்லை. உஜ்ஜயினியில் கிடைத்த பழங்காசுகளிலும் மதுரா சிற்பங்களிலும் இதற்கு உறவுள்ள வடிவங்கள் உண்டு என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். காலத்தைக் கி.மு. 3ஆம் நூற்றாண்டுக்குத் தள்ளுகிறவர்களும் உண்டு, கிறிஸ்துவுக்குப் பின்னே இழுக்கிறவர்களும் உண்டு. பெரும்பாலோர் நிற்பது கி.மு. 2, 1ஆம் நூற்றாண்டுகளில். அப்படியானால் இன்றும் வழிபாட்டிடத்தில் நிற்கும் லிங்கங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று இந்தப் பள்ளத்தில் இருக்கிறது.

கோபிநாத ராவ் வந்த அதே 1911, ஏப்ரல் 1ஆம் தேதிதான் சித்தூர் மாவட்டம் பிறந்தது. அதுவரை இந்தப் பகுதி வட ஆர்க்காடு மாவட்டம். அதன் தலைநகரம் சித்தூர். மாவட்டத்தைப் பிரித்தபோது சித்தூர் தனியாக வந்துவிட, வட ஆர்க்காட்டின் தலைமையிடம் வேலூருக்குப் போனது.

1954இல் இந்தியத் தொல்லியல் துறை கோயிலைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக எடுத்துக்கொண்டது. 1973இல் அத்துறையின் ஐ.கே. சர்மா கருவறைத் தரையைத் தோண்டினார். அந்த அகழாய்வுதான் இந்த ஊரின் வரலாற்றைத் திருப்பிப்போட்டது. லிங்கத்தைச் சுற்றி, தரைக்கு அடியில், சதுரமான கல்வேலி ஒன்று வெளிப்பட்டது. தூண்களும் அவற்றில் கோத்த குறுக்குக் கற்களுமாக, பௌத்த ஸ்தூபிகளைச் சுற்றி நிற்குமே, அதே வகை. ஆக, முதலில் இது கூரையில்லாத வழிபாட்டிடம். வெட்டவெளி, நடுவில் கல், சுற்றிலும் வேலி. அவ்வளவுதான். அதற்கு மேலே செங்கல் கட்டடம். செங்கல் ஒவ்வொன்றும் 42 செ.மீ. நீளம், 21 செ.மீ. அகலம், 6 செ.மீ. கனம். இன்றைய செங்கல்லில் இரண்டை ஒட்டவைத்தாலும் அந்த அளவு வராது. சாதவாகனர் காலத்துச் செங்கல் என்று அளவைப் பார்த்தே சொல்லிவிடலாம். கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளும் கூடவே கிடைத்தன. செங்கல் கோயிலின் பின்புறம் அரைவட்டமாக வளைந்திருந்தது. அதற்குப் பிறகு வந்த கற்கோயிலும் அந்த வளைவை விடவில்லை. இந்த வடிவத்துக்குத் தூங்கானை மாடம் என்று பெயர், யானை படுத்திருக்கும்போது பின்பக்கம் தெரிவது போன்ற அமைப்பு என்பதால். இங்கிருந்து தெற்கே திருத்தணியில் அபராஜிதப் பல்லவன் காலத்து வீரட்டானேசுவரர் கோயிலும் இதே வடிவம்தான்.

வேலி, செங்கல், கருங்கல் என்று மூன்று முறை கோயில் மாறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் தரை உயர்ந்திருக்கிறது. கல்லை மட்டும் யாரும் அசைக்கவில்லை. கருவறை பள்ளமாக இருப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். பள்ளம் தோண்டி லிங்கத்தை நட்டவர்கள் இல்லை. சுற்றிலும் ஊர்தான் மேலே ஏறியிருக்கிறது.

ஊரார் சொல்லும் காரணம் வேறு. தாயைக் கொன்ற பாவம் தீரப் பரசுராமர் இங்கே சிவனை வழிபட்டார். பக்கத்துச் சுனையில் தினம் ஒரே ஒரு பூ பூக்கும். அதைக் காவல் காக்கச் சித்திரசேனன் என்கிற யட்சனை வைத்தார். கூலியாக அவனுக்கு நாள்தோறும் ஒரு வேட்டை விலங்கும் ஒரு கலயம் கள்ளும். ஒரு நாள் பரசுராமர் வேட்டைக்குப் போன நேரத்தில் யட்சனுக்கே பக்தி முற்றி, பூவைப் பறித்துத் தானே சாத்திவிட்டான். திரும்பி வந்தவருக்குக் கோபம். பதினான்கு ஆண்டுகள் சண்டை, இருவரும் உருண்டு புரண்டதில் விழுந்த பள்ளம்தான் இது. கடைசியில் சிவன் தோன்றி இருவரையும் தன்னுள் சேர்த்துக்கொண்டார். நிற்கிறவர் பரசுராமர், தாங்குகிறவன் சித்திரசேனன், லிங்கம் சிவன். யட்சனைப் பிரம்மாவாகவும் பரசுராமரைத் திருமாலாகவும் சொல்லி மும்மூர்த்தியும் ஒரே கல்லில் என்று முடிப்பார்கள். கோயிலுக்குப் பரசுராமேசுவரர் என்று பெயர் வந்ததும் இப்படித்தான்.

கதை எவ்வளவு சாமர்த்தியமாகக் கட்டப்பட்டிருக்கிறது பாருங்கள். கையில் தொங்கும் விலங்குக்குக் காரணம் சொல்லியாயிற்று, கலயத்துக்குச் சொல்லியாயிற்று, மழுவுக்கும், குள்ளனுக்கும், பள்ளத்துக்கும்கூட. சிற்பத்தைச் செய்தவர்கள் போய்ப் பல நூற்றாண்டு கழித்து, அதன் முன்னால் நின்று "இவர் யார்?" என்று கேட்ட ஒரு குழந்தைக்கு யாரோ ஒரு பாட்டி உறுப்பு உறுப்பாகக் கட்டிக் கொடுத்த பதிலாகவே எனக்குப் படுகிறது. கலயத்தில் கள் என்பதை மழுப்பாமல் விட்டிருக்கிறாள், அதற்காகவே அவளை நம்பலாம்.

இன்னொன்றும் சொல்வார்கள்: அறுபது ஆண்டுக்கு ஒருமுறை கருவறைக்குள் தானாகத் தண்ணீர் பெருகி, லிங்கத்தின் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கிவிடுமாம். லிங்கத்தின் பக்கத்தில் தரைக்கடியில் சிறு தொட்டி ஒன்றும் அதற்கு ஒரு கால்வாயும் இருக்கின்றன. கடைசியாக அப்படிப் பெருகியது 2005 டிசம்பர் 4 என்கிறார்கள். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டையும் தென் ஆந்திரத்தையும் ஒருசேர மூழ்கடித்தது நினைவிருக்கலாம். ஆற்றங்கரை ஊர், மணற்பாங்கான அடிநிலம், அதில் தாழ்ந்த ஒரு கருவறை; நிலத்தடி நீர் மட்டம் ஏறினால் உள்ளே ஊறத்தான் செய்யும். அறுபது என்ற கணக்கு நம் பிரபவ, விபவ ஆண்டுச் சுற்றிலிருந்து வந்திருக்க வேண்டும்.

குடிமல்லத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு கல்லோடு நின்றுவிடுகிறார்கள். ஊருக்கு ஒரு வரி ஒதுக்குவதே அரிது. இத்தனைக்கும் ஊரின் செய்தி அதே கோயிலில், கல்வெட்டாக, தமிழில் இருக்கிறது. கல்வெட்டுகளில் ஊரின் பெயர் குடிமல்லம் இல்லை, திருவிப்பிரம்பேடு. திருவேங்கடக் கோட்டத்தைச் சேர்ந்தது. இங்குள்ள வாணர் கல்வெட்டுகள் ஐந்தை வெ. வெங்கையா எடுத்து, எபிகிராபியா இண்டிகா 11ஆம் தொகுதியில் பதிப்பித்தார். நந்திவர்மன், தந்திவர்மன் என்று பல்லவர் பெயர்கள் வருகின்றன. அவர்களுக்குக் கீழே இந்த மண்ணை நேரடியாக ஆண்டவர்கள் வாணர்கள். "மாவலி வாணராயர்" என்பது அவர்களுடைய பட்டம். மகாபலிச் சக்கரவர்த்தியின் வம்சம் என்று சொல்லிக்கொண்டவர்கள், காளைக் கொடிப் பல்லவருக்கு அடங்கியவர்கள். வேலூருக்குப் பக்கத்துத் திருவல்லம் அவர்களுடைய பெரிய இருப்பிடம். அவர்கள் ஆண்ட நாட்டுக்கு வடுகவழி மேற்கு என்று பெயர். தமிழ்நாட்டிலிருந்து வடுகர் தேசத்துக்குப் போகும் பெருவழிக்கு மேற்கே உள்ள நிலம் என்று அர்த்தம். இன்று சென்னையிலிருந்து இந்தப் பக்கம் ஓடும் சாலைகளில் லாரிகள் விரைவதைப் பார்க்கிறபோது, வழியை வைத்து நாட்டுக்குப் பெயரிட்டவர்களின் கணக்குப் புரிகிறது. மகாபலியை மிதித்த வாமனனுக்கு அடுத்த அவதாரம் பரசுராமன். மகாபலியின் பேரர்கள் பரசுராமன் பெயரில் உள்ள கோயிலுக்குக் கொடை கொடுத்தார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அக்காலத்துத் திருவிப்பிரம்பேடு தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்ட ஊர். ஊருக்குச் சபை இருந்தது. தொண்டை மண்டலம் முழுக்க நடந்த முறை என்னவென்றால், கோயிலுக்கு விளக்கெரிக்க யாராவது பொன்னோ நிலமோ கொடுத்தால் அதைப் பொறுப்பேற்பது சபை. ஆடாகக் கொடுத்தால் சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு. ஆட்டை வாங்கிக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழண்டாலும் கணக்கு குறையக்கூடாது. குட்டி போட்டு ஈடாகிவிடும் என்பதால் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஏரிக்கும் அப்படித்தான். ஏரிப்பட்டி என்று தனியாக நிலம் ஒதுக்கி, அதன் வருவாயில் ஆண்டுதோறும் தூர் எடுப்பார்கள், கரையைப் பலப்படுத்துவார்கள். நம்ப முடியாத இந்த ஆற்றின் கரையில் இருந்தவர்களுக்கு உயிர் ஏரியில்தான் இருந்தது. மழை மூன்று மாதம், பயிர் அதற்கப்புறமும் நிற்க வேண்டும்.

10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் பராந்தக சோழன் வாணர்களை வேரோடு பிடுங்கினான். அதன் பிறகு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் சோழர் கொடி. விக்கிரம சோழனின் 9ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1126இல், கோயிலை முழுவதும் கல்லால் எடுத்துக் கட்டினார்கள். இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் அதுதான். கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து இத்தனை தூரம் தள்ளி, எல்லையோரத்துச் சின்ன ஊர் ஒன்றில், அரைவட்டப் பின்சுவரை மாற்றாமல், பள்ளத்தைத் தூர்க்காமல், கல்லை உயர்த்தி வைக்காமல் கட்டியிருக்கிறார்கள். புதுப்பிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு கல்வெட்டைச் சுண்ணாம்பால் பூசியும், பழைய கல்லைப் புரட்டிப் படிக்கட்டாகப் போட்டும் வேலை செய்யும் இன்றைய திருப்பணிக் குழுக்கள் அந்தச் சோழ நாட்டுத் தச்சர்களிடம் ஒரு பாடம் கேட்டுக்கொள்ளலாம்.

விஜயநகரம், அதன் கடைசி இருப்பிடமாகச் சந்திரகிரி, பிறகு ஆர்க்காட்டு நவாபு, 1801இல் கம்பெனி. இந்தக் காலத்தை வேகமாகத் தாண்டிவிடுவோம், சந்திரகிரிப் பகுதியில் விரிவாகப் பார்த்துவிட்டோம். இடையில் எப்போதோ பேச்சு மொழி தெலுங்கானது, ஊரின் பழைய பெயரும் மறைந்தது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டம் அங்கே போனது. ம.பொ.சி. தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம் நடந்தது. பட்டாஸ்கர் தீர்ப்புப்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. நகரியும் புத்தூரும் நாராயணவனமும் அங்கேயே நின்றுவிட்டன. இவற்றுக்கெல்லாம் வடக்கே இருக்கும் குடிமல்லமும் அங்கேயே இருந்துவிட்டது. கோயிலில் இருக்கும் தமிழ் எழுத்தைக் காட்டி உரிமை கொண்டாடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அந்த எழுத்தை இன்றுவரை மழையிலிருந்தும் சுண்ணாம்பிலிருந்தும் காத்தது தெலுங்கு பேசுகிற ஊர்தான்.

வரும் வழியில் பாப்பாநாயுடுபேட்டை என்றேனே, அதை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. அங்கே கண்ணாடிப் பாசிமணி செய்வார்கள். அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் 1980களில் அங்கே உட்கார்ந்து பார்த்து எழுதியபோதுதான் அதன் வயது தெரிந்தது. உலையில் கண்ணாடியை உருக்கி, 'லாடா' என்கிற நீண்ட இரும்புக் குழாயின் முனையில் கூம்பாகத் திரட்டுகிறார்கள். நடுவே கம்பியைச் செலுத்தித் துளையாக்குகிறார்கள். கூம்பு உலைக்குள் இருக்க, எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மேஸ்திரி ஒரு கொக்கியால் நுனியைப் பிடித்து இழுக்கிறார். கண்ணாடி இழையாக நீள்கிறது, உள்ளே துளை அப்படியே இருக்கிறது. இழுப்பை நிறுத்தக்கூடாது, வேகமும் மாறக்கூடாது. மாறினால் மணி ஒன்று பருத்தும் ஒன்று மெலிந்தும் போகும். நீண்ட குழலை முறித்துப் பொடிப்பொடியாக நறுக்கி, துளை அடையாமல் சாம்பலில் புரட்டி மறுபடி சூடு காட்டினால் விளிம்பு மழுங்கி மணியாகிவிடும். அரிக்கமேட்டில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் மணி செய்து கிழக்காசியா வரை அனுப்பியவர்களும் இதே இழுப்பு முறையில்தான் செய்தார்கள். இந்தோ-பசிபிக் மணிகள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தவரும் பிரான்சிஸ்தான்.

ஏர்ப்பேடு மண்டலத்தில் இப்போது பெரிய பேச்சு வேறு. திருப்பதி ஐஐடியும், ஐசர் என்னும் அறிவியல் கல்வி நிறுவனமும் இங்கே வளாகம் கட்டியிருக்கின்றன. ரேணிகுண்டாவில் விமான நிலையம். நிலத்தின் விலை ஏறினால் மணலின் விலையும் ஏறும். கட்டடம் கட்டுகிற ஊருக்கெல்லாம் பொன்முகலி மணல்தான். மணலை வாரினால் கிணறு வற்றுகிறது என்று கரையோர ஊர்க்காரர்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2017 ஏப்ரல் 21 அன்று முனகலபாளையத்து விவசாயிகள் மணல் கொள்ளையைப் பற்றிப் புகார் சொல்ல ஏர்ப்பேடு காவல் நிலையத்துக்கு முன்னால் கூடியிருந்தபோது, நிலைதவறிய லாரி ஒன்று மின்கம்பத்தில் மோதிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் அங்கேயே இறந்தார்கள். பல்லவன் காலத்தில் சபை கூடி ஏரிக்கு நிலம் ஒதுக்கிய அதே பகுதியில், ஆற்றைக் காப்பாற்றச் சொல்லிக் காவல் நிலைய வாசலில் நிற்க வேண்டியிருந்தது அவர்களுக்கு.

ஆறு இங்கிருந்து வடகிழக்காகத் திரும்பிக் காளத்திக்குப் போகிறது. அங்கேயும் ஒரு வேடன் காத்திருக்கிறான். குடிமல்லத்தில் வேட்டையாடிய விலங்கோடு நிற்பவர், ஊர்க்கதையை விட்டுப் பார்த்தால், சிவன். காளத்தியில் வேட்டையாடிய இறைச்சியைச் சிவனுக்குக் கொண்டுவந்தவர் கண்ணப்பர். இரண்டுக்கும் இடையே ஒரு நாள் நடை தூரம்தான். இந்தக் கோயிலைக் கல்லால் எடுத்துக் கட்டிய விக்கிரம சோழனுக்கு அடுத்து அவன் மகன் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில்தான் சேக்கிழார் பெரியபுராணத்தைப் பாடினார். பொன்முகலிக் கரையில் வேடர்களுக்குள் ஏற்கனவே புழங்கிவந்த கடவுள்தான் அந்தக் கதைக்கு மூலமா, அல்லது கதையும் சிற்பமும் தனித்தனியா என்பதைக் காளத்திக் கல்வெட்டுகளை வைத்து அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)